முக்குளிப்போர் குருதியில் குமிழிச் சோதனை

முக்குளிப்போர் குருதியில் குமிழிச் சோதனை என்பது, ஸ்கூபா கருவி அணிந்து நீருக்குள் சென்று மேலே வந்த ஒருவரின் சிரைகளில் வளிமக் குமிழிகள் ஓடுகின்றனவா, ஓடினால் எவ்வளவு என்பதை மீயொலி கொண்டு கண்டறியும் முறை ஆகும். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய இம்முறை, டாப்ளர் கருவியால் காதில் கேட்டும், எக்கோ எனப்படும் இதய ஸ்கேனில் கண்ணால் பார்த்தும் செய்யப்படுகிறது. எவ்வளவு ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம், எந்த வேகத்தில் மேலே வரலாம், வழியில் எங்கே நின்று வர வேண்டும் என்று கூறும் அழுத்த நீக்க அட்டவணைகளைச் சரிபார்ப்பதே இதன் முதன்மையான பயன். ஒருவருக்கு நோய் வந்துவிட்டதா என்று சொல்லும் சோதனை அல்ல இது. இவ்வேறுபாட்டை மறந்ததால் பல குழப்பங்கள் நேர்ந்துள்ளதால், இக்கட்டுரையில் அது சற்று விரிவாகவே பேசப்படுகிறது.

குமிழி உருவாகும் விதம்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 30 மீட்டரில் நான்கு. முக்குளிப்பவர் தம் முதுகிலுள்ள உருளையிலிருந்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கிறார். அக்காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஒரு நீர்மத்தில் கரையும் வளிமத்தின் அளவு அவ்வளிமத்தின் அழுத்தத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்ற ஹென்றி விதியைப் பள்ளியில் படித்திருப்போம். அதன்படி, ஆழத்தில் இருக்கும் நேரம் கூடக்கூட நைட்ரஜன் குருதியிலும், அதன் வழியே தசை, கொழுப்பு, மூட்டு, நரம்புத் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. உடல் ஆக்சிஜனைச் செலவழித்துவிடும். நைட்ரஜனை எதற்கும் பயன்படுத்துவதில்லை. வந்த வழியே அது வெளியேறியாக வேண்டும்.

மெதுவாக மேலே வந்தால், கரைந்த நைட்ரஜன் குருதி வழியாக நுரையீரலை அடைந்து மூச்சில் வெளியேறிவிடும். விரைந்து வந்தால் வெளியேற நேரமின்றி, கரைந்த நிலையிலிருந்து பிரிந்து குமிழியாகிறது. நான் வகுப்பில் இதற்கு கோலி சோடாவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். கோலி அடைத்திருக்கும்வரை பாட்டிலுக்குள் ஒரு குமிழியும் தெரியாது. வளிமம் உள்ளேதான் இருக்கிறது. கோலியைத் தட்டியதும் பொங்குகிறது. ஆனால் இந்த எடுத்துக்காட்டில் ஒரு குறை உண்டு. உடல் ஒரே பாட்டில் அல்ல. குருதியோட்டம் மிகுந்த மூளை சில நிமிடங்களில் நைட்ரஜனை ஏற்று, சில நிமிடங்களில் விட்டுவிடும். கொழுப்பும் மூட்டுத் திசுவும் மணிக்கணக்கில் ஏற்று, மணிக்கணக்கில் விடும். எனவே ஒரே உடலில் ஒரு பகுதி காலியாகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பகுதி நிரம்பிக்கொண்டிருக்கலாம்.

திசுவிலும் நுண்குழாய்களிலும் தோன்றும் குமிழிகளில் ஒரு பகுதி சிரைகளில் கலந்து, இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலின் நுண்குழாய் வலை ஒரு வடிகட்டி போல அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது; வளிமம் மெல்ல மூச்சில் கலந்து வெளியேறுகிறது. பெரும்பாலும் முக்குளித்தவருக்கு எதுவும் தெரிவதில்லை. குமிழிகள் மூட்டிலோ முதுகுத்தண்டிலோ தங்கிவிட்டால், அல்லது வடிகட்டியைத் தாண்டித் தமனிப் பக்கம் சென்றுவிட்டால், அழுத்த நீக்க நோய் வருகிறது. மூட்டு வலி, தோலில் திட்டுகள், மரத்துப்போதல், தலைசுற்றல் தொடங்கி, கால்கள் செயலிழத்தல்வரை அதன் அறிகுறிகள் நீளும். வலியால் உடலை மடக்கிக்கொள்வதால் ஆங்கிலத்தில் இதை ‘பெண்ட்ஸ்’ என்பார்கள்.

டாப்ளருக்கு முன்

அழுத்தம் குறைந்தால் உயிருள்ள உடலில் குமிழி தோன்றும் என்பது 1670ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. இராபர்ட் பாயில் ஒரு விரியன் பாம்பைக் காற்று நீக்கும் கலத்தில் வைத்தபோது, அதன் கண்ணுக்குள் ஒரு குமிழி அசைவதைக் கண்டார். மனிதருக்கு இது பெரிய துயரமானது 19ஆம் நூற்றாண்டில், ஆற்றடியில் பாலத்தூண் அமைக்க அழுத்தக் காற்று நிரப்பிய பெரும்பெட்டிகளுக்குள் தொழிலாளர்கள் இறங்கியபோது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்நோயால் வீழ்ந்து, 1883இல் பாலம் திறக்கப்படும்வரை வீட்டிலிருந்தபடியே வேலையை நடத்தினார். நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழியே என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் 1878இல் நிறுவினார்.

அடுத்த பெரிய அடி 1908இல் வந்தது. பிரித்தானியக் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேனும் அவர் குழுவினரும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று மேலே வரும் முதல் அட்டவணைகளை வெளியிட்டார்கள். ஆட்டுக்கு வலித்தால் முன்னங்காலை மடித்துத் தூக்கிக்கொள்ளும். அதுவே அவர்களுக்கு அளவுகோல். இரண்டு வளிமண்டல அழுத்தத்திலிருந்து ஒன்றுக்கு, அதாவது 10 மீட்டர் ஆழத்திலிருந்து நேராக மேலே வந்தால் தீங்கில்லை என்பது ஹால்டேனின் முடிவு. அவ்வெல்லைக்குள் குமிழியே தோன்றாது என்றும் அவர் கருதினார்.

கவனிக்க வேண்டியது, அவர் கையிலிருந்த ஒரே சான்று நோய் வந்ததா இல்லையா என்பதுதான். நோய் தராத குமிழிகளும் இருக்கலாம், அவை ‘ஓசையற்ற குமிழிகள்’ என்று அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கி பிற்காலத்தில் கூறினார். அவற்றைக் காணவோ கேட்கவோ அப்போது வழி இல்லை.

டாப்ளர் கருவி

ஓசை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது சுருதி கூடியும், விலகிச் செல்லும்போது குறைந்தும் கேட்கும். நிற்காமல் போகும் விரைவு வண்டியின் ஊதல், நடைமேடையில் நிற்பவரைக் கடந்ததும் சட்டென்று இறங்குவதை எல்லோரும் கேட்டிருப்போம். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய இவ்விளைவுதான் கருவியின் அடிப்படை. தோலின் மேல் வைக்கும் சிறு முனையிலிருந்து, நம் காதுக்குக் கேட்காத மீயொலி உடலுக்குள் செலுத்தப்படுகிறது. ஓடும் குருதியணுக்கள் அதைத் திருப்பி அனுப்பும்போது அதிர்வெண் சற்று மாறிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, நொடிக்கு 25 இலட்சம் அதிர்வுள்ள மீயொலி, நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முனையை நோக்கி வரும் குருதியில் பட்டுத் திரும்பினால், வேறுபாடு ஏறத்தாழ 1,600 அதிர்வு இருக்கும். அது மனிதக் காது நன்றாகக் கேட்கக்கூடிய எல்லைக்குள் இருப்பது நமக்குக் கிடைத்த நற்பேறு. அந்த வேறுபாட்டை மட்டும் பிரித்து ஒலிபெருக்கியில் விட்டால், குருதி ஓடும் ‘உஷ்... உஷ்...’ ஓசை கேட்கும்.

வளிமக் குமிழி குருதியணுவைப் போன்றதல்ல. நீர்மமும் வளிமமும் சந்திக்கும் பரப்பில் மீயொலி ஏறக்குறைய முழுவதுமே எதிரொலிக்கப்படும். அதனால் ஒற்றைக் குமிழி கடந்தாலும், அந்த ‘உஷ்’ ஓசையின் நடுவே ‘டிக்’ என்றோ, குருவி கத்துவது போலவோ, சிறு சீழ்க்கை போலவோ தனித்துக் கேட்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மெரில் ஸ்பென்சர் என்ற மருத்துவ ஆய்வாளர், ஆடுகளின் குருதிக்குழாயில் டாப்ளர் கருவியைப் பொருத்தி, அழுத்தம் குறையும்போது குமிழிகள் ஓடுவதை 1968இல் பதிவு செய்தார். அதே ஆண்டு வேறொரு அமெரிக்கக் குழு பன்றிகளில் இதையே கண்டு வெளியிட்டது. விரைவில் அறுவை எதுவுமின்றி, மார்பின் மேல் முனையை வைத்தே மனிதரிடமும் கேட்க முடிந்தது. நலமாக நடந்து வந்தவர்களின் இதயத்திலும் குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெங்கி ஓசையற்றவை என்று பெயரிட்ட குமிழிகள் அன்றுமுதல் ஓசை பெற்றன.

சோதனை நடக்கும் முறை

கரைக்கோ படகுக்கோ வந்தவர் கருவிகளைக் கழற்றி, உடலைத் துடைத்துக்கொண்டு அமர்கிறார். முனையில் களிம்பு தடவி, மார்பெலும்பின் இடப்பக்கம், விலா எலும்புகளுக்கு இடையில் வைத்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்து இடம் தேடுகிறார்கள். இதயத்தின் வலக் கீழறையிலிருந்து நுரையீரல் தமனிக்குக் குருதி பாயும் ஓசை தெளிவாகக் கிடைக்கும் இடம் வேண்டும். உடல் முழுவதிலிருந்தும் வரும் சிரைக் குருதி அவ்வழியாகவே போயாக வேண்டும் என்பதால், எல்லாக் குமிழிகளையும் ஒரே வாசலில் நின்று எண்ணுவது போன்றது இது. குறை என்னவென்றால், வால்வுகளின் ஓசையும் இதயச் சுவரின் ஓசையும் அங்கே பலமாக இருக்கும். ஆகவே காறை எலும்பின் அடியில் ஓடும் சிரைகளிலும், இடம் வலம் இரண்டிலும், கேட்பது வழக்கம். அங்கே பின்னணி அமைதியாக இருப்பதால் ஒற்றைக் குமிழிகூடத் தப்பாது. ஆனால் கையிலிருந்தும் தோளிலிருந்தும் வரும் குருதி மட்டுமே அவ்வழியாகப் போகிறது.

முதலில் அசையாமல் இருக்கச் சொல்லி ஏறத்தாழ ஒரு நிமிடம் கேட்பார்கள். பிறகு ஒரு முறை உட்கார்ந்து எழச் சொல்வார்கள். தோளடிச் சிரையானால் கையை இறுக்கி மூடித் திறக்கச் சொல்வார்கள். கால் தசை இறுகும்போது அங்கே சிரைச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருந்த குமிழிகள் விடுபட்டு, சில நொடிகளில் இதயத்தை வந்தடையும். ஓய்வில் ஒன்றுமே கேட்காதவரிடம், ஒரே ஒரு முறை உட்கார்ந்து எழுந்த பின் பொரி பொரிவது போல ஓசை எழுவது உண்டு.

ஒரு முறை கேட்டுவிட்டு அனுப்பிவிடக் கூடாது. மேலே வந்ததும் குமிழிகள் உச்சத்தில் இருப்பதில்லை. பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகே உச்சம் வரும். வந்த உடனே சோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினால் அது பொய்யான நிம்மதி. ஆய்வாளர்கள் 2016இல் ஒத்து வெளியிட்ட வழிகாட்டல், மேலே வந்த கால் மணி நேரத்துக்குள் தொடங்கி, 20 நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில், குறைந்தது இரண்டு மணி நேரம் சோதிக்கச் சொல்கிறது. ஒலிகளைப் பதிவு செய்து, யார் எந்த அட்டவணைப்படி முக்குளித்தார் என்பதை அறியாத ஒருவர் தரமிடுவதே முறை. இக்காதுப் பயிற்சி எளிதில் கைவருவதில்லை. புதியவர்கள் வால்வின் சொடுக்கொலியைக் குமிழி என்று எண்ணிவிடுவார்கள்.

தரங்கள்

ஸ்பென்சர் 1970களில் வகுத்த ஐந்து தரங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. குமிழி ஓசையே இல்லையெனில் தரம் 0. எப்போதாவது ஒரு குமிழி, பெரும்பாலான இதயத் துடிப்புகள் தெளிவாகவே உள்ளன என்றால் தரம் 1. பல குமிழிகள், ஆனால் பாதிக்கும் குறைவான துடிப்புகளில் என்றால் தரம் 2. ஏறக்குறைய எல்லாத் துடிப்புகளிலும் குமிழிகள், ஆனால் இதய ஓசை இன்னும் அவற்றை மீறிக் கேட்கிறது என்றால் தரம் 3. துடிப்பு முழுதும் இடைவிடாது பொழிந்து இதய ஓசையையே மூழ்கடித்தால் தரம் 4. பின்னர் கிஸ்மன், மசுரெல் என்ற இருவர் வகுத்த முறையில், ஒரு துடிப்பில் எத்தனை குமிழிகள், எத்தனை துடிப்புகளில் உள்ளன, ஓசை எவ்வளவு பலம் என்று மூன்றையும் தனித்தனியே குறித்து, அம்மூன்றையும் சேர்த்துத் தரம் காண்பார்கள். கனடாவின் கடற்படை ஆய்வுகள் இம்முறையையே பின்பற்றின.

எக்கோ கருவியில் குமிழிகள் இதய அறைக்குள் வெண்புள்ளிகளாக நீந்துவது தெரியும். இதற்கு நார்வேயின் எஃப்டெடால், புரூபாக் ஆகியோர் 1990களில் தந்த அளவுகோல் உண்டு. அதில் நான்கு துடிப்புக்கு ஒரு குமிழியாவது தெரிந்தால் 2, ஒவ்வொரு துடிப்பிலும் தெரிந்தால் 3, தனித்தனிக் குமிழிகளைப் பிரித்தறிய முடியாதபடி அறை முழுதும் வெளுத்துவிட்டால் 5. எக்கோவில் இதயத்தின் இடப்பக்கத்தையும் பார்க்க முடிவது பெரிய நன்மை. அங்கே ஒரு புள்ளி தெரிந்தாலும் குமிழி வடிகட்டியைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

இத்தரங்களை மதிப்பெண்களாகக் கருதிவிடக் கூடாது; இவை வகுப்பில் தரும் ‘ரேங்க்’ போன்றவை. முதல் ரேங்குக்கும் இரண்டாம் ரேங்குக்கும் இடையே ஒரு மதிப்பெண்ணும் இருக்கலாம், முப்பதும் இருக்கலாம். அதே போல, தரம் 4 என்பது தரம் 2இன் இரு மடங்கு அல்ல. உண்மையில் குமிழிகளின் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். பத்துப் பேரின் தரங்களைக் கூட்டிப் பத்தால் வகுத்து ‘சராசரி 1.7’ என்று எழுதும் கட்டுரைகளைக் காண்கையில், ரேங்குகளைக் கூட்டிச் சராசரி காண முயலும் மாணவன்தான் நினைவுக்கு வருகிறான்.

அட்டவணைகளில் ஏற்பட்ட மாற்றம்

அழுத்த நீக்க நோய் அரிதானது. பொழுதுபோக்கு முக்குளிப்பில் பத்தாயிரம் முறை இறங்கினால் ஒரு சிலருக்கு வருவதே அதிகம். இரண்டு அட்டவணைகளில் எது மேலானது என்று நோயை மட்டும் வைத்து அறிய வேண்டுமானால், பல்லாயிரம் பேரை இறக்க வேண்டும். அவர்களில் சிலர் நோயுறுவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குமிழியோ அடிக்கடி வருவது. இருபது முப்பது பேரை வைத்தே வேறுபாட்டைக் காண முடியும், ஒருவரும் முடமாக வேண்டியதில்லை. இச்சோதனையின் பெருமை முழுதும் இதில்தான் இருக்கிறது.

கலிபோர்னியாவின் காட்டலினா தீவில் ஆண்ட்ரூ பில்மானிஸ் 1970களின் நடுவில் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. முக்குளிப்போர் 100 அடி, அதாவது ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் 25 நிமிடம் இருந்தார்கள். அன்றைய அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி இதற்கு வழியில் நிறுத்தமே தேவையில்லை. அவ்வாறே நேராக மேலே வந்தபோது டாப்ளரில் ஏராளமான குமிழிகள் கேட்டன. 10 அடியில் வெறும் இரண்டு நிமிடம் நின்று வந்தபோது அவை வெகுவாகக் குறைந்தன. 20 அடியில் ஒரு நிமிடமும் 10 அடியில் நான்கு நிமிடமும் நின்றபோது ஏறக்குறைய மறைந்தே போயின. சட்டப்படி தேவையற்ற ஐந்து நிமிடம் இவ்வளவு செய்தது. இன்று ஸ்கூபா பயிற்சியில் எல்லோருக்கும் கற்பிக்கப்படும், ஏறத்தாழ 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் ‘பாதுகாப்பு நிறுத்த’ வழக்கத்துக்கு வலுச் சேர்த்த ஆய்வுகளில் இது முக்கியமானது.

ஸ்பென்சர் 1976இல் குமிழிகளை அடிப்படையாகக் கொண்டு, கடற்படை எல்லைகளைவிடக் குறுகிய நேர எல்லைகளை முன்வைத்தார். 1980களில் வந்த முதல் தலைமுறை முக்குளிப்புக் கணினிகளில் ஒன்றான ‘எட்ஜ்’ அவ்வெல்லைகளைத் தழுவியது. பாடி எனும் பயிற்சி நிறுவனம் 1988இல் வெளியிட்ட அட்டவணையும் டாப்ளர் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டே வந்தது. 100 அடிக்குக் கடற்படை தந்த 25 நிமிடம் அதில் 20 ஆனது. 60 அடிக்குத் தந்த 60 நிமிடம் 55 ஆனது. சிறு குறைப்பாகத் தோன்றலாம். கோடிக்கணக்கான முறை இறங்குவதில் அது சிறிதல்ல.

ஹால்டேனின் 10 மீட்டர் நம்பிக்கையும் இவ்வழியில் திருத்தம் பெற்றது. உடல் முழுதும் நைட்ரஜன் நிறையும்வரை நெடுநேரம் அழுத்தத்தில் இருந்துவிட்டு நேராக மேலே வந்தால், வெறும் 3.4 மீட்டருக்கு ஒப்பான அழுத்தத்திலிருந்துகூடப் பாதிப்பேருக்குக் குமிழிகள் தோன்றும் என்று எக்கென்ஹாஃப் குழுவினர் 1990இல் கணக்கிட்டார்கள். ஒரு கிணற்றின் ஆழம்கூட இல்லை! ஆனால் அவ்வளவு குறைந்த ஆழத்தில் நோய் வருவதில்லை. ஹால்டேனின் கணிப்பு நோயைப் பற்றியவரை பெரிதும் சரியே. குமிழியைப் பற்றியதே தவறு.

குமிழி இருந்தால் நோயா?

இல்லை. மிக உயர்ந்த தரம் பெற்றவர்களிலும் பெரும்பான்மையோர் எந்த அறிகுறியும் இன்றி வீடு திரும்புகிறார்கள். தரம் கூடக்கூட நோயின் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மைதான். தரம் 0, 1 பெற்றவர்களிடம் நோய் மிக அரிது, 3, 4 பெற்றவர்களிடம் அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மிகுதி. ஆனாலும் தரம் 4 வந்தவரைப் பார்த்து ‘உங்களுக்கு நோய்’ என்று சொன்னால், பத்தில் ஒன்பது முறை நாம் தவறாகத்தான் சொல்லியிருப்போம்.

மறுபக்கம் இன்னும் கவனத்துக்குரியது. டாப்ளர் ஓடும் குமிழியை மட்டுமே கேட்கும். மூட்டிலோ முதுகுத்தண்டிலோ அசையாமல் தங்கிய குமிழிக்கு ஓசை இல்லை. மிகச் சிறிய குமிழிகளும் பிடிபடுவதில்லை. எனவே தரம் 0 வந்தவருக்கும் அரிதாக நோய் வந்திருக்கிறது. முக்குளித்து வந்தவருக்குக் கால் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது என்றால், கருவி என்ன சொன்னாலும் உடனே தூய ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குமிழி கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது.

வடிகட்டியில் உள்ள ஓட்டையும் இங்கே சேர்கிறது. கருவில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்துச் செல்வதற்காக இதயத்தின் மேலறைகளுக்கு இடையே ஒரு வழி உண்டு. பிறந்த பின் அது மூடிக்கொள்ளும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுமையாக மூடுவதில்லை. சாதாரண வாழ்வில் அதனால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் முக்குளித்து வந்தபின், பாரமான உருளையைத் தூக்குகையில் மூச்சைப் பிடித்து முக்கினால், வலப்பக்கக் குமிழிகள் அவ்வழியே இடப்பக்கம் புகுந்து மூளைக்குச் செல்லக்கூடும். ஒருவருக்குத் தரம் 3 தீங்கற்றது, இன்னொருவருக்குத் தரம் 2 ஆபத்தானது என்பதற்கு இது ஒரு காரணம்.

போதாததற்கு, ஒரே ஆள் ஒரே ஆழத்துக்கு ஒரே நேரம் வெவ்வேறு நாள்களில் சென்று வந்தாலும் குமிழிகள் வெவ்வேறு அளவில் வருகின்றன. ஒரு நாள் 0, மறுவாரம் 3. ஆகவே ஒருவரின் ஒரு நாள் சோதனையை வைத்து ‘இவர் குமிழி வராத உடல்வாகு’ என்று முடிவு கட்டுவதற்கு இடமில்லை. குழுவாகப் பார்த்து, அட்டவணையைப் பற்றி முடிவு செய்வதற்கே இது ஏற்றது.

ஆழ நிறுத்தச் சர்ச்சை

குமிழித் தரத்தை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆழ நிறுத்தங்களின் கதையைச் சொல்லலாம். ஹவாயில் மீன்களை ஆராய்ந்த ரிச்சர்ட் பைல், மிக ஆழத்திலிருந்து மீன்களைப் பிடித்து வரும்போது, அவற்றின் காற்றுப்பை வெடித்துவிடாமல் வளிமத்தை வெளியேற்ற நடுவழியில் சற்று நிற்பார். அவ்வாறு நின்ற நாள்களில் தமக்குக் களைப்பு குறைவாக இருப்பதைக் கவனித்து 1990களில் எழுதினார். குமிழியை முளையிலேயே அடக்க ஆழத்தில் நிற்க வேண்டும் என்று கூறிய கணித மாதிரிகளும் அக்காலத்தில் பரவின. 25 மீட்டர் முக்குளிப்புகளில் 15 மீட்டரில் கூடுதலாக ஒரு நிறுத்தம் செய்தால் டாப்ளர் குமிழிகள் குறைகின்றன என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2004இல் காட்டியது. இவையெல்லாம் சேர்ந்து, மிக ஆழமான, நெடுநேர முக்குளிப்புகளுக்கும் ஆழத்தில் நிற்பதே நல்லது என்ற எண்ணம் வேரூன்றியது. கணினிகளிலும் அது ஏறியது.

அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு ஆய்வுப் பிரிவு இதை நேரடியாகச் சோதித்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. 170 அடியில் 30 நிமிடம் வேலை செய்துவிட்டு, இரண்டு அட்டவணைகளின்படி மேலே வந்தார்கள். மொத்த நிறுத்த நேரம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் நிறுத்தங்கள் ஆழத்தில் தொடங்கின, மற்றதில் மேலே. ஒவ்வொன்றிலும் இருநூறையொட்டிய முக்குளிப்புகள். மேலே நின்று வந்தவர்களில் மூவருக்கு நோய் வந்தது. ஆழத்தில் நின்று வந்தவர்களில் பத்தையொட்டி. குமிழித் தரமும் பின்னவர்களிடமே உயர்ந்திருந்தது. ஆழத்தில் நிற்கும் நேரத்தில், மெதுவாக நிரம்பும் திசுக்கள் இன்னும் நைட்ரஜனை ஏற்றுக்கொண்டேயிருந்தன என்பதே விளக்கம்.

2004ஆம் ஆண்டு ஆய்வு பொய்யல்ல. அது குறைந்த ஆழத்துக் குறுகிய முக்குளிப்பைப் பற்றியது. அங்கே கிடைத்த குமிழிக் கணக்கை வேறு வகை முக்குளிப்புக்கு அப்படியே தூக்கிச் சென்றதுதான் பிழை.

இன்றைய பயன்பாடு

முக்குளிப்பதற்கு ஒரு நாள் முன்பு செய்யும் கடும் உடற்பயிற்சி குமிழிகளைக் குறைப்பதாக நார்வேயில் எலிகளிலும், பின் குரோவேஷியாவில் மனிதரிலும் கண்டார்கள். விண்வெளி வீரர்கள் விண்கலத்துக்கு வெளியே செல்லும்போது உடையின் அழுத்தம் குறைவாக இருப்பதால், நாசாவும் ஆய்வகச் சோதனைகளில் டாப்ளரைப் பயன்படுத்தியிருக்கிறது. மாலத்தீவில் ஒரு வாரம் முக்குளித்துவிட்டு இத்தாலிக்குத் திரும்புவோரை, பறக்கும் விமானத்துக்குள்ளேயே எக்கோ செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் குமிழி இல்லை. முக்குளிப்பவர் தாமே தோளடியில் வைத்துப் பதிவு செய்து, கைப்பேசி வழியாக அனுப்பும் சிறு டாப்ளர் கருவியும் பிரான்சிலிருந்து விற்பனைக்கு வந்துள்ளது. கணினியே குமிழிகளை எண்ணும் முயற்சிகளும் நடக்கின்றன. இதய ஓசையின் நடுவே குமிழியைப் பிரித்தறிவதில் பயிற்சி பெற்ற காதை மிஞ்சுவது எளிதாக இல்லை.

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த பழைய குளியாட்கள் ஒரே மூச்சில் போய் வந்தவர்கள்; உருளைக் காற்றைச் சுவாசிக்காததால் அவர்களுக்குச் சேரும் நைட்ரஜன் சிறிதளவே. இன்று அக்கரையிலும் இக்கரையிலும் கம்ப்ரசர் குழாயிலோ ஸ்கூபா உருளையிலோ காற்றெடுத்துச் சங்குக்கும் கடல் அட்டைக்கும் இறங்குவோர் நிலை வேறு. ஒரே நாளில் பலமுறை இறங்கி, ஒவ்வொரு முறையும் முன்பு சேர்ந்த நைட்ரஜன் வெளியேறும் முன்பே மறுபடி சேர்த்துக்கொள்கிறார்கள். இத்தகைய தொடர் முக்குளிப்பின் பிற்பகல் வேளைகளில்தான் குமிழித் தரங்கள் பொதுவாக ஏறுகின்றன. டாப்ளர் முனை எட்டாத கடற்கரையிலும், ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்தபடி சில நிமிடம் நிற்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.